மூன்றாம் கொட்டகையில் பினாயில் இல்லை

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களில் நாலைந்து பேர் போன மாதம் என் வீட்டுக்கு வந்தீர்கள். காபி குடித்தீர்கள். “உங்க சர்வீஸ்ல மறக்க முடியாத சம்பவம் ஒண்ணு சொல்லுங்க மேடம்” என்று கேட்டீர்கள். பசுவின் வயிற்றைக் கிழித்து ரப்பர் செருப்பு எடுத்த கதையைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தீர்கள். உண்மையில் அது மறக்க முடியாத சம்பவம் ஒன்றுமில்லை. மறக்க முடியாததை வீட்டுக்கு வந்தவர்களிடம் சொல்ல எனக்கு மனம் வராது. எழுதினால் நடுவில் யாரும் குறுக்கிட மாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன். இத்தனை வருடம் கழித்தும் கோபம் ஆறவில்லை. அதனால் இதில் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

எழுபதுகளின் பிற்பகுதி. கால்நடை மருத்துவம் படித்து முடித்து சொந்த ஊரான காரைக்காலுக்கே வேலைக்கு வந்தேன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் மாட்டுக்கு ஊசி போடும் பெண்ணை யாரும் பார்த்ததில்லை. மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்குப் போய் முழங்காலில் நின்றால், பக்கத்தில் நிற்கும் அம்மாள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு “டாக்டரம்மா, எங்க ஆடு இருமுது” என்பாள். அது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் என்னை முதலில் போட்ட இடம் ஆடு மாடு இருக்கும் மருந்தகம் அல்ல, நெடுங்காடு போகும் சாலையில் இருந்த ஒரு கோழிப் பண்ணை. எந்தத் திட்டம், எந்தப் பெயர்ப்பலகை என்று கேட்காதீர்கள். இன்று அது எதுவும் அங்கே இல்லை.

பண்ணையில் மூன்று கொட்டகைகள். வெளியூரிலிருந்து ஒரு நாள் குஞ்சுகள் பெட்டியில் வந்து இறங்கும். தரையில் நெல் உமியைப் பரப்பி, அதன்மேல் அவற்றை விட்டு வளர்ப்போம். ஓரளவு வளர்ந்ததும் விழிதியூர், வரிச்சிக்குடி, நெடுங்காடு பக்கத்து ஏழைக் குடும்பங்களுக்கு வீட்டுக்கு இத்தனை என்று கொடுப்பார்கள். ஒரு கொட்டகைக்கு ஒரு ஆள். முதல் இரண்டு கொட்டகைகளில் இருந்தவர்கள் சர்க்கார் ஊழியர்கள். மூன்றாம் கொட்டகையில் இருந்த சவரிமுத்து தினக்கூலி. வந்தால் கூலி, வராவிட்டால் இல்லை. என்னை விட வெகுகாலம் முன்னமே அந்தப் பண்ணைக்கு வந்தவர். ஒரு நிரந்தர இடம் காலியாகும், அது தனக்குக் கிடைக்கும் என்று காத்திருந்தவர்.

எங்களுக்கு மேலே ஒரு பெரிய டாக்டர். அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவருடைய பிள்ளைகளுக்கு அவர் நல்ல தகப்பன். எனக்கும் அவர்தான் தொழில் கற்றுக் கொடுத்தவர், அதை மறைக்கவில்லை. கல்லூரியில் செத்த கோழியை மேசையில் வைத்து ஐந்து பேரோடு சுற்றி நின்று பார்த்ததோடு சரி. கத்தரிக்கோலை என் கையில் கொடுத்து, என் மணிக்கட்டைப் பிடித்து, எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று காட்டியவர் அவர். “செத்த கோழி பொய் சொல்லாதும்மா. உசுரோட இருக்கறவன் எழுதற ரிப்போர்ட்டைத்தான் சந்தேகப்படணும்” என்பார். எவ்வளவு பெரிய வாக்கு என்று அன்று நினைத்தேன்.

நான் சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு மழைக்காலத்திலும் அங்கே ரத்தக் கழிச்சல் வந்தது. குஞ்சு சிறகைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் குறுகி நிற்கும். உமியில் ரத்தச் சொட்டு தெரியும். மறுநாள் காலையில் கூடையில் அள்ளுவோம். குடிநீரில் மருந்து கலந்து கொடுத்தால் சில பிழைக்கும். ஆனால் அடுத்த தொகுதிக் குஞ்சு வந்ததும் மறுபடியும் அதே கதை. ஆகவே நோயை விட, அது தரையில் எப்படித் தங்குகிறது என்பதுதான் கேள்வி.

காக்சிடியா என்று நீங்கள் படித்திருப்பீர்கள். கோழியின் குடலில் இருக்கும் ஒட்டுண்ணி. எச்சத்தோடு வெளியே வரும் அதன் முட்டை போன்ற உருண்டைக்குப் புத்தகத்தில் பல பெயர்கள் உண்டு. நான் விதை என்றே சொல்கிறேன். நாற்றங்காலுக்கு விதைநெல் முளைகட்டிய ஊர்க்காரர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம். ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் இதுவும் ஓரிரு நாளில் முளைத்து, கொத்தித் தின்னும் குஞ்சுக்குக் காத்திருக்கும். விதைநெல்லுக்கு உமி இருப்பது போல இதற்கும் ஒரு உறை இருக்கிறது. அந்த உறைக்குள் பினாயிலும் போகாது, பிளீச்சிங் பவுடரும் போகாது. ஆய்வகத்தில் இதை உயிரோடு வைத்திருக்க வேண்டுமானால் பொட்டாசியம் டைக்ரோமேட் கரைசலில் போட்டு வைக்கிறோம். மனுஷன் குடித்தால் செத்துப் போகும் சரக்கு. இந்த விதைக்கு அது தொட்டில்.

குளிரும் இதைச் சட்டென்று கொல்லாது. தடுப்பூசி வைக்கும் குளிர்ப்பெட்டியில் ஒரு புட்டியை வைத்து மறந்துபோய், வெகுநாள் கழித்து எடுத்துப் பார்த்தேன். வெளியே வைத்ததும் ஒன்றும் நடக்காதது போல முளைத்தது. அது அஞ்சுவது இரண்டே விஷயங்களுக்குத்தான். ஒன்று, கொதிக்கும் சூடு. இன்னொன்று, பொட்டு ஈரமில்லாமல் உலர்த்தும் காய்ச்சல். நெல்லுக்குத்தான் காய்ச்சலும் பாய்ச்சலும் மாறி மாறி வேண்டும். கோழிக் கொட்டகைக்குக் காய்ச்சல் மட்டும் போதும்.

எங்கள் பண்ணையிலோ எல்லாம் தலைகீழ். மேலதிகாரி வருகிறார் என்றால் முதல் நாளே கொட்டகையைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போடுவார்கள். நடைபாதையைக் கழுவி விடுவார்கள். பிறகு வாளியில் பினாயிலைத் தண்ணீரோடு கலந்து உமியின் மேலேயே தெளிப்பார்கள். நாற்றம் எவ்வளவு தூக்குகிறதோ அவ்வளவு சுத்தம். அதிகாரி வாசலிலேயே கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு “குட், குட்” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிடுவார். கொட்டகையில் ஈரம் மட்டும் மிஞ்சும். ஐப்பசி மாதத்தில் அந்த ஈரம் எப்போது காயும்? பினாயில் ஊற்றி நாற்றங்கால் விட்டுக்கொண்டிருந்தோம் என்று சொல்லலாம்.

எச்சத்தைச் சுரண்டி இரண்டு கிண்ணங்களில் போட்டேன். ஒன்றில் பினாயில் தண்ணீர், நாங்கள் தெளிக்கும் அதே அளவில். இன்னொன்றில் கொதிநீர். இரண்டு நாள் கழித்துப் பெரிய டாக்டரை மைக்ராஸ்கோப்புக்கு அழைத்தேன். பினாயில் கிண்ணத்தில் விதைகள் அழகாக முளைத்திருந்தன. கொதிநீர் கிண்ணத்தில் எல்லாம் சுருங்கிக் கிடந்தன. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

“நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரிம்மா,” என்றார். “ஆனா ஒண்ணு. வர்றவருக்கு மூக்கு இருக்கு. மைக்ராஸ்கோப்பா கொண்டாராரு?”

“அப்ப விட்டுடலாங்களா சார்?”

“யாரு விடச் சொன்னா? ஒரு கொட்டாயில மட்டும் உங்க முறையச் செஞ்சு பாருங்க. மூணாவத எடுத்துக்குங்க. சவரிமுத்து சொன்ன பேச்சு கேப்பான்.”

எனக்கு அன்று அவர் மேல் எவ்வளவு மரியாதை வந்தது தெரியுமா? வேறொரு அதிகாரியாக இருந்தால் என்னைப் போய் மாட்டுக்குச் சினை பாருங்கள் என்றிருப்பார். இவர் ஒரு கொட்டகையையே தூக்கிக் கொடுக்கிறார் என்று பூரித்துப் போனேன். அதே பூரிப்போடு மூன்றாம் கொட்டகைக்குப் போனேன்.

சவரிமுத்துவுக்கு விதை, உறை என்பதெல்லாம் பிடிபடவில்லை. பிடிபட வேண்டும் என்று அவர் ஆசைப்படவும் இல்லை. “என்னா செய்யணும், அத மட்டும் சொல்லுங்கம்மா” என்றார். பழைய உமியை அள்ளித் தூரத்தில் எரிக்க வேண்டும். தரையையும் சுவரடியையும் கொதிநீரால் வேகவைக்க வேண்டும். பிறகு பெயின்ட் உரிக்கும் தீ விளக்கால் மூலை முடுக்கெல்லாம் காட்ட வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகே புது உமி. அதற்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் உமியில் விழக்கூடாது, தினமும் கிளறிவிட வேண்டும்.

கொதிநீருக்குப் பாத்திரம் பண்ணையில் இல்லை. அவருடைய மனைவி லூர்து மேரி வரிச்சிக்குடியில் வீடு வீடாகப் போய்க் கூலிக்கு நெல் அவிப்பவள். அவளுடைய நெல் அவிக்கும் அண்டாவைத்தான் அவர் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். மறுநாள் அவளே பின்னால் நடந்து வந்துவிட்டாள்.

“கோழிப்பீ கழுவறதுக்கா என் அண்டா? நாளைக்கு எவ வூட்டுல என்ன நெல்லு அவிக்க வுடுவா?”

“பீ அண்டாவுல படாது லூர்து மேரி. தண்ணி மட்டும்தான்.”

“ஊருக்கு அதெல்லாம் தெரியுமாம்மா?” என்று கேட்டாள். ஆனாலும் உட்கார்ந்து அடுப்பைப் பிடித்து, உமியைத் தள்ளித் தள்ளி அவளே தீயை எரியவிட்டாள். நெல் அவிப்பவளுக்கு எரியும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

அடுத்த தொகுதிக் குஞ்சு வந்தது. அந்த முறை முதல் இரண்டு கொட்டகைகளில் வழக்கம்போலக் கூடை நிறைந்தது. மூன்றாம் கொட்டகையில் ரத்தச் சொட்டையே காணோம். பெரிய டாக்டர் என் தோளைத் தட்டினார். அன்றிலிருந்து, கொட்டகைக்குள் யாராவது ஈரக் காலோடு நுழைந்தால் சவரிமுத்து சண்டைக்குப் போனார். ஒருநாள் என்னையே வாசலில் நிறுத்தினார். மழையில் நனைந்து வந்திருந்தேன். சாக்கைப் போட்டுக் காலைத் துடைக்கச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் அந்தக் காலி இடம் வந்தது. ஒரே ஒரு நிரந்தர வேலை. சவரிமுத்துவுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அதற்கு மேல் வயது வரம்பு தாண்டிவிடும், பிறகு எத்தனை இடம் காலியானாலும் அவருக்கு இல்லை. புதுச்சேரியிலிருந்து அதிகாரி பண்ணையைப் பார்வையிட வருவார். பார்த்துவிட்டு ஆளைப் பற்றிக் குறிப்பு எழுதுவார். அந்தக் குறிப்பை வைத்துத்தான் முடிவு. லூர்து மேரி செவ்வாய்க்கிழமை தோறும் அந்தோணியார் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுவதாக சவரிமுத்து என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு வெட்கப்பட்டார்.

அந்த வாரம் முழுக்க அடைமழை. அதிகாரி வருவதற்கு முதல் நாள் பினாயில் டின்கள் வெளியே வந்தன. முதல் கொட்டகை கலியபெருமாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளி வாளியாகத் தெளித்தார். இரண்டாம் கொட்டகையிலும் அதே கூத்து. இரண்டிலும் மூன்று வாரக் குஞ்சுகள், நோய்க்கு ஏற்ற பருவம். நான் பெரிய டாக்டரிடம் ஓடினேன்.

“சார், இந்த மழையில உமிய நனைச்சா அடுத்த வாரம் அள்ளிக் கொட்ட வேண்டியதுதான்.”

“ஒரு நாள் கூத்தும்மா. போய்ட்டாருன்னா கிளறிக் காய வச்சிக்கலாம்.”

“மூணாவதுல தெளிக்க மாட்டோம் சார்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “அது உங்க கொட்டாய். உங்க இஷ்டம்” என்றார்.

சவரிமுத்து என்னைக் கேட்டார், அதையும் சொல்ல வேண்டும். “வாசப்படியில மட்டும் ஒரு மூடி ஊத்தி வைக்கட்டாம்மா? வாசனைக்கு?” என்றார். வாசலில் ஊற்றினால் மிதித்து உள்ளே ஈரம் போகும் என்றேன். “நீங்க சொன்னா சரி” என்று மூடியைத் திருகி மூடிவிட்டார்.

அதிகாரி வந்தார். அவர் டாக்டர் இல்லை, கோப்பு பார்த்தே மேலே வந்தவர். முதல் கொட்டகையில் கைக்குட்டை, “குட்.” இரண்டாம் கொட்டகையில் கைக்குட்டை, “வெரிகுட்.” மூன்றாம் கொட்டகை வாசலில் கைக்குட்டையை எடுத்தார், மூக்கருகே கொண்டு போனார், பிறகு இறக்கினார். உள்ளே உலர்ந்த உமி வாசமும் கோழி வாசமும்தான். குஞ்சுகள் உமியைக் கிளறிக்கொண்டு ஓடின. மூன்று கொட்டகையில் அவை மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தன என்பதை அவர் பார்க்கவில்லை.

“பினாயில் போடலையா?”

“போடலீங்க” என்றார் சவரிமுத்து.

“ஏன்?”

சவரிமுத்து என்னைப் பார்க்கவில்லை. பெரிய டாக்டரைப் பார்த்தார். பெரியவர் சொல்லுவார், பெரியவர் சொன்னால் எடுபடும் என்று நினைத்திருப்பார். பெரியவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் முன்னால் வந்தேன். “நான்தான் சார் வேணாம்னு சொன்னேன். இந்த ஒட்டுண்ணியப் பினாயில் ஒண்ணும் செய்யாது. குஞ்சுக்கு ஈரம்தான் எமன். இந்தக் கொட்டாயில போன வருஷம் ஒரு குஞ்சு கூட ரத்தக் கழிச்சல்ல சாகல. ரெண்டு நிமிஷம் வந்தீங்கன்னா மைக்ராஸ்கோப்ல காட்றேன்.”

அதிகாரி சிரித்தார். என்னைத் திட்டியிருந்தால் கூடத் தேவலை. “நீங்க சின்னப் பொண்ணு, படிச்சவங்க, ஆர்வத்துல ஆயிரம் சொல்வீங்க. கொட்டாய சுத்தமா வச்சிக்கறது இவன் பொறுப்பில்லையா?” என்று கேட்டுவிட்டு, பெரிய டாக்டரைப் பார்த்து, “என்ன டாக்டர், சுத்தம் வேணாம்னு நீங்களுமா சொன்னீங்க?” என்றார்.

ஒரே ஒரு வார்த்தை. ‘ஆமாம்’ என்று சொல்லியிருக்கலாம். ‘நான்தான் அனுமதி கொடுத்தேன்’ என்று சொல்லியிருக்கலாம். நூற்றுக்கு நூறு சரி என்று சொன்ன அதே வாய் அது. அவர், “கவனிச்சிக்கறேன் சார்” என்றார். அதிகாரி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூன்றாம் கொட்டகை அசுத்தம், பணியாள் அலட்சியம். அவ்வளவுதான்.

கார் போனதும் பெரிய டாக்டர் அறைக்குப் போனேன். என் குரல் வாசல் வரை கேட்டிருக்கும்.

“உங்களக் காப்பாத்தியிருக்கேம்மா,” என்றார் அமைதியாக. “உங்க பேரு குறிப்புல வரல, பாத்தீங்கல்ல? வந்திருந்தா நாளைக்கு உங்க பிரமோஷன் என்னாவறது?”

“சவரிமுத்து வேலை சார்?”

“பெரியவங்க ஒரு வார்த்த எழுதுவாங்க. கோழி மிதிச்சு குஞ்சு சாகுமா? அப்புறம் பாத்துக்கலாம்.”

அப்புறம் என்ற ஒன்று சவரிமுத்துவுக்கு இல்லை என்பது எனக்குத் தெரிந்த அளவு அவருக்கும் தெரியும்.

வாரம் திரும்பியது. முதல் கொட்டகையில் குஞ்சுகள் சிறகைத் தொங்கப் போட்டன. மறுநாள் இரண்டாவதிலும். கூடை போதாமல் சாக்கில் அள்ளினோம். ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தேன். குருட்டுக்குடல் முழுக்க ரத்தம் உறைந்து கிடந்தது. பெரிய டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டிய அதே இடத்தில்தான் வெட்டினேன். மூன்றாம் கொட்டகையில் குஞ்சுகள் கொத்திக்கொண்டிருந்தன. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? தட்டோடு எடுத்துக்கொண்டு போய் அவர் மேசையில் வைத்தேன்.

“இப்பவாவது எழுதுங்க சார். சவரிமுத்து கொட்டாய்தான் தப்பிச்சிதுன்னு எழுதுங்க. அந்த வேலைக்கு இன்னும் லிஸ்ட் வரல.”

“எழுதினா, போன வாரம் ஏன் வாய மூடிட்டு இருந்தேன்னு கேப்பாங்கம்மா” என்றார். அவர் உண்மையைச் சொன்ன சில நேரங்களில் அதுவும் ஒன்று. தட்பவெப்ப மாற்றத்தால் குஞ்சுகள் இறந்தன என்று அறிக்கை போயிற்று. நான் தனியாக ஒன்று எழுதி, இரண்டு கிண்ணச் சோதனையையும் சேர்த்து நேரடியாகப் புதுச்சேரிக்கு அனுப்பினேன். மேலதிகாரியைத் தாண்டி எழுதியது ஏன் என்று விளக்கம் கேட்டு எனக்கு ஓலை வந்தது. கூடவே பண்ணைக்கு ஓர் உத்தரவும் வந்தது. நோய் கண்டிருப்பதால் இனி பினாயிலை இரண்டு மடங்கு பயன்படுத்த வேண்டுமாம். சிரிக்காதீர்கள், அந்த டின்களை நானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

பிழைத்த குஞ்சுகள் மூன்றாம் கொட்டகையுடையவை மட்டும்தான். அவற்றைத்தான் விழிதியூரில் பந்தல் போட்டுக் கொடுத்தார்கள். அதே அதிகாரி, கையில் ஒரு குஞ்சைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றார். கூடைகளை வேனிலிருந்து இறக்கி வைத்தது சவரிமுத்து. நிரந்தர வேலைக்கு வேறொருவர் வந்தார். யாருடைய சிபாரிசில் வந்தார் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதத்திலிருந்து சவரிமுத்துவைக் கூலிக்கும் கூப்பிடவில்லை. அலட்சியமான ஆள் என்று குறிப்பு இருக்கிறதே! பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் பண்ணையில் இரண்டும் எங்கெங்கே போயின என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது, கலியபெருமாளுக்கும்தான். அவர் என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போவார்.

வரிச்சிக்குடிக்குப் போனேன். என்ன சொல்வது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனேன். வீட்டு வாசலில் அண்டாவில் நெல் ஆவி பறந்துகொண்டிருந்தது. சவரிமுத்து, “வாங்கம்மா, உக்காருங்க” என்று முக்காலியை எடுத்துப் போட்டார். பண்ணையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மழை விட்டதா, அம்மா சௌக்கியமா என்று கேட்டார். நான்தான் ஆரம்பித்தேன். உங்கள் கொட்டகையில் ஒரு குஞ்சு கூடச் சாகவில்லை, நாம் செய்ததுதான் சரி, அது நிரூபணம் ஆகிவிட்டது என்றேன். அந்த வார்த்தை வாயிலிருந்து வந்ததும் எனக்கே அது எவ்வளவு வெறுமையாக இருக்கிறது என்று பட்டது.

லூர்து மேரி அடுப்பை விட்டு எழுந்து வந்தாள்.

“நீங்க படிச்சது நெசந்தாம்மா. யாரு இல்லேன்னா? என் அண்டாவுல தண்ணி காச்சித்தானே ஊத்துனோம், எனக்குத் தெரியாதா? ஆனா ஒண்ணு சொல்லுங்க. அந்த நெசத்த எங்க வூட்டுக்காரரு பொழப்புல ஏம்மா வச்சிப் பாத்தீங்க? பக்கத்துல ரெண்டு கொட்டாய் இருந்துச்சில்ல? சர்க்கார் சம்பளக்காரன் கொட்டாயில வச்சிப் பாத்திருந்தா, அவன யாரு என்ன செஞ்சிருக்க முடியும்?”

“ஏய், சும்மா இரு. அம்மா என்னா பண்ணுவாங்க?” என்று சவரிமுத்து அதட்டினார். அவள் சும்மா இருக்கவில்லை. சும்மா இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அழுதுகொண்டே திரும்பிப் போய் நெல்லைத் துழாவினாள்.

நான் செய்தது சரி என்று இன்றும் சொல்வேன். யார் வந்து கேட்டாலும் உமியில் தண்ணீர் தெளிக்கவிட மாட்டேன். ஆனால் அவள் கேட்ட கேள்வி திரும்பி வரும் பஸ் முழுக்க என் கூடவே உட்கார்ந்திருந்தது. எந்தக் கொட்டகை வேண்டும் என்று நான் தேர்ந்தெடுக்கவே இல்லையே? மூன்றாவதை எடுத்துக்கொள் என்று அல்லவா கொடுத்தார்கள்? பஸ் ஸ்டாண்டில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேரே பண்ணைக்குப் போனேன். பெரிய டாக்டர் கிளம்பப் போகிற நேரம், மேசையைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

“சார், அன்னைக்கு என் முறைய செஞ்சு பாக்க மூணாவது கொட்டாய ஏன் குடுத்தீங்க?”

அவர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நிர்வாகம் கற்றுக்கொடுக்கிற குரலில், பொறுமையாகச் சொன்னார்.

“மத்த ரெண்டுலயும் நிரந்தர ஆளுங்கல்ல இருந்தாங்கம்மா? எசகுபிசகா ஏதாவது ஆச்சுன்னா?”

நாளைக்கு உங்களுக்கும் ஒரு பெரியவர் வாய்ப்பார். உங்கள் அறிவைப் பாராட்டுவார், சோதனை செய்து பார்க்க இடம் ஒதுக்கித் தருவார். சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். வாங்கும் முன் அந்த இடத்தில் வேலை செய்கிறவர் யார், தவறிப்போனால் அடி யார் மேல் விழும் என்று ஒரு தடவை கேளுங்கள். நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவுமில்லை.